மாதா சாயாமலிருக்க மடக்கிய முட்டி

ஜெனி, சார்லஸ்,

அப்பாவின் காலை வெட்டப் போகிறார்கள் என்று எம்.கே.பி. நகர் அத்தை வீட்டில் இருந்த நான்கு நாளும் நீங்கள் கேள்விப்பட்டது பொய். கட்டைக்கால் வைக்க அளவெடுத்துவிட்டார்கள் என்பதும் பொய். அத்தைக்கு போனில் அப்படிச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுதினால் வீட்டில் சண்டை வரும், விட்டுவிடுகிறேன். சார்லஸ், நீ உன் கிரிக்கெட் ஸ்டம்ப் ஒன்றை எடுத்து, "அப்பா காலுக்கு இத வெச்சிக்கட்டும்" என்று அத்தையிடம் கொடுத்தாயாம். அதைக் கேட்டு அம்மா அழுதாள். நான் சிரித்தேன், பிறகு நானும் கொஞ்சம் அழுதேன்.

நடந்தது என்னவென்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதனால் நானே எழுதி வைத்துவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், கணக்கில் மட்டும் இரண்டு தடவை எழுதினேன். டாக்டர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்ல முடியும். அம்மா படித்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறாள். அவள் கை வைத்த இடங்களில் என் மரியாதை கொஞ்சம் குறைந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோயில் திருவிழாவில் மாதா சப்பரத்தைத் தோளில் தூக்குவது உங்களுக்குத் தெரியும். இரண்டு நீளக் கொம்பு. ஒவ்வொரு கொம்பிலும் முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர். அதில் இடது கொம்பின் முன்தலை நம் குடும்பத்து இடம். உங்கள் தாத்தா அதில் நின்றார். அவருக்குப் பிறகு பத்தொன்பது வருடமாக நான் நிற்கிறேன். தாத்தா குள்ளமானவர். அந்தக் கொம்பில் தூக்கும் மற்றவர்களும் அதே அளவுதான், என் காது வரைக்கும் வருவார்கள். நான் ஒருவன் மட்டும் ஆறடி. நான் நிமிர்ந்து நின்றால் சப்பரத்தின் இடது முன்பக்கம் மேலே போய், மாதா வலது பக்கமாகப் பின்னால் சாய்ந்துவிடுவார். அதனால் பத்தொன்பது வருடமும் முட்டியைக் கொஞ்சம் மடக்கி, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் ஒரு மாதிரி நடந்துதான் தூக்கினேன்.

போன வருடம் கடைசி நாள் பவனியில் மீன் கடைத் தெரு திரும்பும்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தோணி மாமா, தூக்கிப் புட்ச்சிகினியே! மாதா சாயறாங்க பாரு!"

என்னை மாமா என்று கூப்பிடுகிறவர்கள் ராயபுரத்தில் இருபது பேர் இருக்கலாம். அந்தக் குரலில் கூப்பிடுகிறவன் ஒருத்தன்தான். உங்கள் லூர்து மாமா. அம்மாவின் தம்பி. தாத்தாவின் அதே உயரம். அந்த இடத்தின் மேல் அவனுக்குப் பத்து வருடமாகக் கண்.

திருவிழா முடிந்த மறுநாள் வீட்டுக்கு வந்தான். பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "மாமா, ஒனக்கும் வயசாவுது. முட்டி ஒயுங்கா மடங்கலன்னு அல்லாரும் பேசிகிறாங்க. அடுத்த வருசம் நான் ஒரு கை பாக்கட்டுமா?" என்றான்.

பிரியாணியைச் சாப்பிட்டேன். இடத்தைக் கொடுக்கவில்லை. இந்த வருடம் ஒரு விரல்கடை கூட சாயாமல் தூக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முட்டி பழக வேண்டும் அல்லவா? இங்கேதான் உங்கள் அப்பா தப்பு செய்தான்.

திருவிழாவுக்கு நான்கு மாதம் இருக்கும்போது தினமும் விடியற்காலை பயிற்சி ஆரம்பித்தேன். தோளில் மணல் நிரப்பிய அரிசிப் பை. முட்டி பாதி மடங்கியே இருக்கும். நம் வீட்டிலிருந்து கடற்கரைச் சாலையின் இடது ஓரமாகக் காசிமேடு வரைக்கும் போவேன். திரும்பும்போதும் இடது ஓரம்தான். முதல் நாலு நாள் பாதி தூரம் போனேன். ஐந்தாம் நாளிலிருந்து முழு தூரம். ஆர்வம். அம்மாவிடம் "வாக்கிங்" என்று மட்டும் சொன்னேன். மணல் பையை மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

மூன்றாவது வாரம் இடது முட்டியின் வெளிப்பக்கத்தில் ஊசி குத்தியது. முன்பக்கம் இல்லை, உள்பக்கம் இல்லை, வெளிப்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் மூடிவிடுகிற இடம். நடக்க ஆரம்பித்துக் கால் மணி நேரம் கழித்து வரும். நின்றால் போய்விடும். அடுத்த வாரம் பத்து நிமிடத்தில் வந்தது. அப்புறம் மாடிப்படி இறங்கும்போது வந்தது. காட்டுப்பள்ளி யார்டில் கண்டெய்னர் வரிசைகளுக்கு நடுவே நாள் பூராவும் நம்பர் பார்த்து எழுதிக்கொண்டு நடப்பதுதான் என் வேலை. அதற்கும் வந்தது. வலிக்க வலிக்க, முட்டி இன்னும் பழகவில்லை என்று நினைத்து நான் இன்னும் அதிகமாக மடக்கினேன்.

உங்கள் ஆயா ஒரு எண்ணெய் கொடுத்தாள். அதைத் தடவினால் கொசு வரவில்லை, வலி போகவில்லை. பக்கத்துத் தெருவில் காலால் பிறந்தவர் ஒருவர் இருக்கிறார், சுளுக்குக்கு மிதித்துவிடுவார். அவரிடம் போனேன். அவர் எடை நூறு கிலோ. மிதித்தார். அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் சப்பரச் சட்டத்தில் மணல் மூட்டைகளை வைத்துத் தெருவில் ஒத்திகை பார்ப்போம். கால் ஒன்றாக விழ வேண்டும் என்பதற்காக. இந்த வருடம் நான்காவது ஒத்திகையில், தெரு முனைச் சரிவில், என் முட்டியின் வெளிப்பக்கம் யாரோ சூடு வைத்தது போல் இழுத்தது. கால் தானாக மடங்கிவிட்டது. நான் விழுந்தேன். சப்பரம் விழவில்லை, அதை அவசியம் எழுத வேண்டும், மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். ஆனால் ஒரு மணல் மூட்டை சரிந்து என் தலைக்குத் துணையாக வந்தது. நெற்றி கொம்பில் மோதி ஆறு தையல்.

கண் விழித்தபோது லூர்து என் முகத்துக்கு மேலே குனிந்திருந்தான்.

"மாமா, நான் யாருன்னு தெர்தா?"

"என் எடத்துக்கு அலையறவன்."

"அக்கா, மூள நல்லாதான் கீது!" என்று அம்மாவிடம் கத்தினான்.

பெரியாஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ரத்தக் கசிவு இல்லை என்ற அர்த்தத்தில்தான் சொன்னார், ஆனாலும் அம்மா தலையை ஆட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மயக்கம் போட்டதால் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கால் எப்படி மடங்கியது என்று பார்க்க எலும்பு வார்டில் படுக்கை கொடுத்தார்கள்.

எலும்பு வார்டு என்றால் பயப்படாதீர்கள். அங்கே இருக்கிறவர்களுக்குக் கை கால் தவிர எல்லாம் நன்றாக இருக்கும். பசி நன்றாக இருக்கும், வாய் ரொம்ப நன்றாக இருக்கும். என் பக்கத்துப் படுக்கை சிங்காரம் அண்ணன். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர். வலை இழுக்கும் விஞ்சில் வலது கை மாட்டி மாவுக்கட்டு போட்டிருந்தது. நான் படுத்ததிலிருந்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, ஒன்ன எங்கியோ பாத்துகீறேன்."

"கோயில்ல பாத்திருப்பீங்க."

"நான் கோயிலுக்கு வர்றதில்லபா, நம்மள்து எல்லயம்மன். வேற எங்கியோ. நாபகம் வர்ட்டும், சொல்றேன்."

மறுநாள் காலை எக்ஸ்ரே. ஒரு நீளமான வராண்டாவில் பெஞ்சு போட்டு வைத்திருப்பார்கள். நம் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, அதனால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். நான் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தேன். அதில் எனக்கு நான்கு வியாதி வந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயு என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தேய்மானம் என்றார். ஒரு அம்மா தன் நாத்தனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று சொல்லிவிட்டு, மேலே சொல்லாமல் என் கையைத் தட்டிக் கொடுத்தார். லூர்து, "சவ்வு கியிஞ்சிருக்கும் மாமா. ஆறு மாசம் தூக்கக் கூடாதுன்னுவாங்க" என்றான், ரொம்ப வருத்தமாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

ஆனால் பிள்ளைகளே, அந்த வராண்டாவில் நான் உண்மையாகவே பயந்தேன். கால் போய்விட்டால் யார்டில் யார் நடப்பது? உங்களை யார் ஸ்கூலில் விடுவது? அதை நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஆனால் முதலில் நினைத்தது கொம்பின் முன்தலையைத்தான். இந்த இடத்தில் அம்மா அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எலும்பு சுத்தம். டாக்டர் முட்டியை மடக்கி, திருப்பி, இழுத்துப் பார்த்தார். வீக்கம் இல்லை, பூட்டிக்கொள்ளவில்லை, சவ்வும் கிழிந்த மாதிரி தெரியவில்லை என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் உங்கள் ஆயாவின் முகம் விழுந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்க வந்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு ஆப்பிள் கொண்டுவந்திருக்கிறார்கள், ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

"எதாவது பேராவது சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் என்னிடம் கேட்டார்: "ஓடுவீங்களா? சைக்கிள்? புதுசா ஏதாவது பயிற்சி ஆரம்பிச்சீங்களா?"

"இல்ல டாக்டர். சும்மா நடைதான்."

"சும்மா நடந்தா இது வராதே."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மணல் பையைச் சொன்னால் அம்மாவுக்குத் தெரியும். அரை முட்டி நடையைச் சொன்னால் லூர்துவுக்குத் தெரியும். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் ஏதோ எழுதிவிட்டு, பிசியோ வந்து பார்ப்பார்கள் என்று சொல்லிப் போனார்.

அன்று மதியம் அம்மா வவ்வால் மீன் குழம்பு கொண்டுவந்தாள். வார்டுக்குள் மீன் குழம்பு கூடாது என்று சிஸ்டர் சொன்னார். சிங்காரம் அண்ணன் டிபன் கேரியரைத் திறந்து மோந்து பார்த்து, இது காசிமேட்டு மீன், மருந்து மாதிரி என்று வாதாடினார். கடைசியில் சிஸ்டருக்கும் ஒரு துண்டு போனது. அம்மா முள் எடுத்து எடுத்து என் தட்டில் வைத்தாள். எனக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

பிசியோ மேடம் பெயர் கயல்விழி. திருவொற்றியூர்க்காரர். சின்ன உருவம், பெரிய குரல். என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முட்டியின் வெளிப்பக்கம் இருக்கும் எலும்பு மேட்டுக்குக் கொஞ்சம் மேலே கட்டை விரலை அழுத்திக்கொண்டு, மடக்கிய காலை மெதுவாக நீட்டச் சொன்னார். பாதி நீட்டியபோது நான் போட்ட சத்தத்தில் எதிர்ப் படுக்கைக்காரர் குடித்த டீயைச் சட்டையில் விட்டுக்கொண்டார்.

"இங்கதானா?"

"அங்கதான் மேடம். விட்ருங்க மேடம்."

"முழுசா நீட்டினா வலி இல்ல, முழுசா மடக்கினா வலி இல்ல. நடுவுல மட்டும். சரி, எழுந்து நடங்க பாப்போம்."

நிமிர்ந்து நடந்தேன். ஒரு வலியும் இல்லை.

"இப்படித்தான் தினமும் நடப்பீங்களா?"

"ஆமா மேடம்."

அப்போது சிங்காரம் அண்ணன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். மாவுக்கட்டுக் கையால் என்னைச் சுட்டினார்.

"அட, நீயா அது! மேடம், இவரு டபாய்க்கிறாரு! நான் போட்ல மீன் எறக்கிகினு இருப்பேன், தெனம் காலைல இவரு ரோட்டோரமா வருவாரு. தோள்ல ஒரு மூட்ட. முட்டிய மட்ச்சிகினு, குந்தவும் மாட்டாரு நிக்கவும் மாட்டாரு. பாவம், வயித்தால போவுது, எடம் தேடிகினு கீறாரு போலன்னு நாங்க அல்லாரும் அந்தாண்ட திரும்பிக்குவோம்!"

வார்டே சிரித்தது. காலில் கம்பி போட்டுத் தொங்கவிட்டிருந்த ஒருவர் சிரித்ததில் கம்பி ஆடி, வலித்து, அப்படியும் சிரிப்பை நிறுத்தவில்லை. அம்மா சிரிக்கவில்லை.

"மூட்டயா?" என்றாள். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை.

"மட்ச்சிகினா?" என்றான் லூர்து. அவன் முகம் பெட்ரோமாக்ஸ் மாதிரி பிரகாசித்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சப்பரம், உயரம், மாதா சாய்வது, மணல் பை, மூன்று மாதம். கயல்விழி மேடம் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு, "எப்படித் தூக்குவீங்கன்னு அப்படியே செஞ்சு காட்டுங்க. தோள்ல எடை இருக்கிறப்போ கால் எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்" என்றார்.

சப்பரத்துக்கு எங்கே போவது? சுவரோரம் சக்கரமில்லாத பழைய ஸ்ட்ரெச்சர் ஒன்று சாத்தி வைத்திருந்தது. முன்னால் நான், எனக்கு இணையாக லூர்து. பின்னால் வார்டு பாய் பாபு அண்ணன், அவருக்கு இணையாக இடது கையால் சிங்காரம் அண்ணன். காலியாகத் தூக்கினால் சரியாக வராது என்று எதிர்ப் படுக்கைக்காரர் இரண்டு தலையணையைக் கொடுத்தார். சிங்காரம் அண்ணன் அவற்றை நிமிர்த்தி வைத்து, வெள்ளைப் போர்வை போட்டுவிட்டு, "இப்பதான் சாமி மாதிரி கீது" என்றார். தோளில் ஏற்றினோம். நான் முட்டியை மடக்கினேன். வார்டின் நடுவே மெதுவாக நடந்தோம்.

"அதேதான் மேடம்! பாருங்க, ஒரு சொட்டு சாயல!" என்றேன் பெருமையாக.

இந்த நேரம் பார்த்து வராண்டாவிலிருந்து வார்டுக்குள் ஐந்தாறு பேர் பார்வையாளர்கள் வந்தார்கள். நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்து, மேலே வெள்ளைத் துணி மூடி, மெதுவாக நடந்து வருகிறார்கள். முன்னால் வந்த பெரியவர் செருப்பைக் கழற்றினார். ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்தி, "எந்த பெட்டுங்க?" என்று கேட்டார். இன்னொரு அம்மா, யார் என்று தெரியாமலே, அழவே ஆரம்பித்துவிட்டார். சத்தம் கேட்டு ஹெட் சிஸ்டர் ஓடி வந்தார்.

"என்ன நடக்குது இங்க? யாரு இது?"

"மாதா" என்றான் லூர்து.

ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாத்த எங்களுக்கு அரை நிமிடம் ஆனது. அவர் திட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

அதற்குப் பிறகுதான் கயல்விழி மேடம் என் வியாதியை எனக்குச் சொன்னார். நீங்களும் கவனமாகப் படியுங்கள். ஜெனி, நீ ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறாய். இது ஓடுகிறவர்களுக்கு அதிகமாக வருமாம்.

இடுப்பின் பக்கவாட்டு எலும்பிலிருந்து ஒரு தடித்த நார்ப் பட்டை கிளம்புகிறது. தொடையின் வெளிப்பக்கமாகவே இறங்கி, முட்டியைத் தாண்டி, கீழ்க்கால் எலும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு ஐ.டி. பேண்டு என்று பெயர். லாரியில் சரக்கை இழுத்துக் கட்டுகிற பெல்ட் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். முட்டி கொஞ்சமாக மடங்கும் இடத்தில் இந்தப் பட்டை அங்கே இருக்கும் எலும்பு மேட்டின் மேல் அழுந்துகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அழுந்தினால் அதற்கு வலிக்காது. ஆயிரம் தடவை அழுந்தினால், அதுவும் தோளில் மூட்டையோடு அழுந்தினால், அடியில் இருக்கும் சதை புண்பட்டுப் போகும். நான் மாதாவுக்காகத் தேடிக் கண்டுபிடித்து மூன்று மாதம் பழகிய அந்த அரை மடக்கல் இருக்கிறதே, பட்டைக்கு ஆகவே ஆகாத இடம் சரியாக அதுதான்.

"ஏன் மேடம் இடது மட்டும்?"

"ரோட்டோரம் எப்பவும் சரிவா இருக்கும். நீங்க போறப்பவும் இடது ஓரம், வர்றப்பவும் இடது ஓரம். ரெண்டு தடவையும் இடது கால்தான் பள்ளத்துல. அந்தப் பக்கத்துப் பட்டதான் எந்நேரமும் இழுபட்டுகிட்டே இருந்திருக்கு. அதோட முதல் வாரமே தூரத்த ரெண்டு மடங்காக்கிட்டீங்க. உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்." பிறகு என் இடுப்பின் பக்கத்தைத் தட்டினார். "இங்க ஒரு சதை இருக்கு. கால நேரா புடிச்சி வைக்கறது அதோட வேல. உங்களுக்கு அது தூங்குது. அது செய்ய வேண்டிய வேலைய முட்டி செஞ்சு அடி வாங்குது."

"எங்க யார்டு சூப்பர்வைசர் மாதிரி" என்றேன்.

அந்தச் சதையை எழுப்புகிற பயிற்சிதான் நீங்கள் இப்போது தினமும் பார்த்துச் சிரிப்பது. ஒருக்களித்துப் படுத்து மேல் காலை முட்டி மடங்காமல் மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குவது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது. நின்றுகொண்டு வலிக்கும் காலை மற்ற காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, சுவரைப் பிடித்தபடி இடுப்பைச் சாய்ப்பது. வலித்தால் துணியில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிடம். எதைச் செய்தால் வலிக்கிறதோ அதை நிறுத்துவது, ஆனால் படுத்தே கிடக்காமல் வலிக்காத அளவு நடப்பது. அன்று சாயங்காலமே எங்கள் வார்டில் கால் தூக்க முடிந்தவர்கள் எல்லாரும் தூக்கினார்கள். சிங்காரம் அண்ணனுக்குக் கையில்தான் அடி. அவரும் தூக்கினார், சும்மா கிடக்க பேஜாராக இருக்கிறதாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முட்டி வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, மடங்கிய இடத்தில் பூட்டிக்கொண்டாலோ, கால் ஊன்றவே முடியாவிட்டாலோ அது வேறு வியாதி, உடனே டாக்டரிடம் போக வேண்டும். நூறு கிலோ ஆளிடம் போகக் கூடாது.

கடைசியில் என் கேள்வியைக் கேட்டேன். "மேடம், திருவிழாவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. தூக்கலாமா?"

"ரெண்டு மாசத்துக்கு எடை தூக்கி முட்டிய மடக்கக் கூடாது."

"ஒரே ஒரு நாள் மேடம். மாதா காரியம்."

"மாதாவே வந்து கேட்டாலும் இதான் சொல்வேன்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏங்க, எல்லாரும் ஒரே உயரமா இருக்கற மாதிரி ஆள மாத்தி நிறுத்தினா என்ன?" என்று கேட்டார்.

நானும் லூர்துவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்தொன்பது வருடம். பன்னிரண்டு பேர். இரண்டு சாமியார்கள். ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மணல் பை மாடிப்படிக்குக் கீழே இல்லை. அம்மா அந்த மணலை ரோஜாத் தொட்டியில் கொட்டியிருந்தாள். பத்து நாளில் வலி சுத்தமாகப் போய்விட்டது. படி இறங்கினேன், வலி இல்லை. யார்டில் நடந்தேன், இல்லை. சரி, குணமாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் அம்மா கடைக்குப் போன நேரம் மொட்டை மாடிக்குப் போய், முட்டியை மடக்கி, தோளில் ஒன்றும் இல்லாமல் நடந்து பார்த்தேன். நாற்பதாவது அடியில் அதே நாணயம் அளவு இடத்தில் அதே ஊசி. அங்கேயே தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி போவது வேறு, குணமாவது வேறு என்று அந்தத் தொட்டியிடம்தான் கற்றேன்.

அந்த ஞாயிறு தூக்குகிறவர்கள் கூட்டத்தில் எழுந்து, இந்த வருடம் என்னால் முடியாது என்று சொன்னேன். முன்தலைக்கு யார் என்று தலைவர் கேட்க வாயைத் திறந்தார். அவர் முழுதாகத் திறப்பதற்குள் லூர்து எழுந்து நின்றிருந்தான்.

திருவிழா அன்று உங்கள் இருவர் நடுவில் நான் நடைபாதையில் நின்றேன். நீங்கள் சர்பத் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். பத்தொன்பது வருடமும் சப்பரத்துக்கு அடியில் இருந்ததால் அது தெருவில் வருவதை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தார் ரோடும், எதிரே வருகிறவர்களின் செருப்பும்தான். அன்றுதான் மாதாவின் முகத்தைப் பார்த்தேன். தெரு விளக்கு ஒவ்வொன்றாக அந்த முகத்தில் ஏறி இறங்கியது. நேராக வந்தார். ஒரு விரல்கடை கூட சாயவில்லை. லூர்து நிமிர்ந்து நடந்தான், அவனுக்கு மடக்க என்ன இருக்கிறது? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தது என்று எழுதுவதுதான் உண்மை.

மீன் கடைத் தெரு முனையில் அவன் முகம் மாறியது. பல்லைக் கடித்தான். தோளை அசைத்து அசைத்துப் பார்த்தான். கொம்பின் அந்த முன்தலையில் மரத்தில் புடைத்த ஒரு முடிச்சு இருக்கிறது. அது தோள் எலும்பில் எப்படிக் குத்தும் என்று ஊரிலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். என் கால் தானாகத் தெருவில் இறங்கியது. என் முட்டி தானாக மடங்கியது. அம்மா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தாள். "ஏங்க" என்றாள், அதட்டவில்லை, மெதுவாகத்தான்.

முட்டியை நேராக்கினேன். சட்டையை விடச் சொல்லி அவள் கையைத் தட்டினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் போனேன். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, கொம்பின் முடிச்சுக்கும் லூர்துவின் தோளுக்கும் நடுவே சொருகினேன். முடிச்சு எந்த இடத்தில் உட்கார வேண்டுமோ அங்கே உட்காரும்படி ஒரு தட்டுத் தட்டினேன்.

அவன் முகம் தெளிந்தது. பத்து வருடம் ஆசைப்பட்ட இடத்திலிருந்து என்னைப் பார்த்தான். நன்றி சொல்வான் என்று நினைத்தேன்.

"மாமா, குறுக்க நிக்காத. மாதா வராங்க, வயி வுடு!" என்றான்.

வழி விட்டேன்.